கேளா ஒலியும் வாரா விலையும்: உயர்ரக ஒலிபெருக்கிக்குக் காத்திருத்தல் குறித்து ஒரு முன்னாய்வு

முதலில் ஒரு படம் வரும். முழுப்படம் அல்ல. இருட்டுக்குள் ஒரு விளிம்பு, விளிம்பின் மேல் ஒரு வெளிச்சக் கோடு, அதன் கீழே ஒரு மாதத்தின் பெயர். பார்ப்பது பெட்டியா, படகின் மூக்கா, பியானோவின் முதுகா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிரவு ஒரு கூட்டம் தூங்காது. விளிம்பு வளைகிற விதத்தை வைத்து உள்ளே தாழ்சுருதி பாடும் உஃபர் எத்தனை அங்குலம் என்று ஒருவர் கணித்துவிடுவார். கோடு மங்குகிற இடத்தைப் பார்த்து, உயர்சுருதி பாடும் டிவீட்டர் வைரமா பெரிலியமா என்று இன்னொருவர் தீர்ப்பு வழங்குவார். விலை இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று மட்டும் இருக்கும். இந்தக் கட்டுரையின் ஆய்வுப்பொருள் அந்தப் 'பின்னர்'தான்.

ஒலிபெருக்கி வந்த பிறகு அது எப்படிப் பாடுகிறது என்பதை விளக்கும் எழுத்துகள் அலமாரி அலமாரியாக உண்டு. வருவதற்கு முன் எப்படிப் பாடுகிறது என்பதைத்தான் அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. இது பெரும் குறை. ஏனெனில் ஒரு ஸ்பீக்கர் தன் ஆயுளில் குறையே இல்லாமல் பாடுவது அந்த ஒரு பருவத்தில்தான். அதற்குப் பிறகு அறை இருக்கிறது, ஆம்ப் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார்.

கலைச்சொல் ஒன்றை முதலிலேயே நிறுவிக்கொள்வது நல்லது. ஆடியோஃபைல் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படுவோரை இக்கட்டுரை ஒலிப்பித்தர் என்று அழைக்கும். இது வசை அன்று. கடவுளையே பித்தன் என்று கூப்பிட்டுக் காரியம் சாதித்த மரபு நம்முடையது. வள்ளுவர் செவிச்செல்வம் என்றதற்கு 'செவிக்காகச் செலவழியும் செல்வம்' என்று பொருள் காண்பவர் ஒலிப்பித்தர் என்று வரையறை செய்து மேலே செல்வோம்.

இந்தத் துறைக்கென்றே தமிழிலக்கணம் முன்கூட்டித் தயாராக இருந்திருக்கிறது. 'வருபெட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. மூன்று காலமும் உள்ளே ஒளிந்து நிற்கும். தயாரித்தவருக்கு அது வந்த பெட்டி. டீலருக்கு வருகின்ற பெட்டி. முன்பணம் கட்டியவருக்கு வரும் பெட்டி. மூவரும் ஒரே நாளில் ஒரே பெட்டியைப் பற்றிப் பேசினாலும் இலக்கணப்படி ஒருவரும் பொய் சொல்லவில்லை.

'கேளா ஒலி' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கேளாத என்பதன் கடைசி எழுத்து கெட்டுக் கேளா என்று நின்றது. கெட்ட எழுத்து எங்கே போயிற்று என்பதை இலக்கண நூல்கள் சொல்லாமல் விட்டுவிட்டன. அது விலைப்பட்டியலுக்குப் போய் எண்ணின் கடைசியில் ஒரு சுழியமாக ஒட்டிக்கொள்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆகுபெயரையும் விட்டுவிட முடியாது. ஒலிப்பித்தர் இருவர் சந்தித்தால் உரையாடல் இப்படிப் போகும்:

"அந்த ஏழு லட்சத்தைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். ஏழு சும்மா கத்துது சார். பன்னெண்டுதான் பாடுது."

எண் பொருளுக்கு ஆகிவந்தது. ஆகவே எண்ணலளவை ஆகுபெயர். விலையே பெயராகிவிட்ட பிறகு விலையைக் குறைத்தால் பெயர் கெட்டுவிடும். இந்தத் துறையில் ஆடித் தள்ளுபடி ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பொருளாதாரத்தில் இல்லை. 1899இல் தோர்ஸ்டீன் வெப்லன், விலை கூடினால் மவுசு கூடும் பண்டங்களைப் பற்றிச் சிந்திக்க வழிசெய்து ஒரு தனி நூலே எழுதினார். அவருக்கு ஆகுபெயர் தெரிந்திருந்தால் இரண்டு பக்கத்தில் முடித்திருப்பார்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்று ஸ்பீக்கர் என்று நாம் சொல்வதன் மூதாதை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், சுருளின் தலையில் ஒரு காகிதக் கூம்பு. நூறு வருடம் ஆகியும் இந்தக் கூட்டணி உடையவில்லை. டீக்கடை ரேடியோவுக்குள்ளும் கோடி ரூபாய்ப் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் இதே காந்தமும் சுருளும் கூம்பும்தான். 1926இல் இது ரேடியோலா 104 என்ற பெயரில் சந்தைக்கு வந்தபோது விலை 250 டாலர். ஃபோர்டு கம்பெனியின் மாடல் டி கார்களில் மிக மலிவானது அதற்கு முந்தைய ஆண்டு ஏறத்தாழ 260 டாலருக்குக் கிடைத்தது. ஆக, நவீன ஸ்பீக்கர் பிறந்ததுமே காருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு நாற்காலி போதாமல் வீட்டின் விலைக்குத் தாவியது தனிக்கதை. அதற்குப் பின்னால் வருவோம்.

விலை முதலிலேயே உச்சத்துக்குப் போய்விட்டது. காத்திருத்தல் அப்படி அல்ல. அது ஒரு கலையாக முற்றிக் கனிய இன்னும் ஐம்பது ஆண்டு பிடித்தது. அதன் பெருமை இங்கிலாந்தின் ஹண்டிங்டன் என்ற சிற்றூரைச் சேரும்.

அங்கே குவாட் என்ற பெயரில் ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் செய்துகொண்டிருந்தவர் பீட்டர் வாக்கர். புல்லாங்குழல் வாசிப்பார். 1957இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கரில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை, கூம்பும் இல்லை. முடியைவிடப் பலமடங்கு மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அதன் இருபுறமும் துளையிட்ட தகடுகள். நடுவே சில ஆயிரம் வோல்ட் நிலைமின்னழுத்தம். இசைக்கேற்ப மின்புலம் மாற, படலம் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளும். பார்ப்பதற்கு அச்சு அசலாக இங்கிலாந்து வீடுகளில் குளிருக்கு வைக்கும் அறைச் சூடேற்றி போலவே இருந்ததால் அப்படியே கேலிப்பெயரும் வந்தது. (இதில் கேலிக்கு இடமே இல்லை. மற்ற ஸ்பீக்கர்கள்தாம் உண்மையான சூடேற்றிகள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் சராசரிப் பெட்டிக்கு நூறு வாட்டு ஊட்டினால், ஒலியாக வெளியே வருவது ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு. மீதி அத்தனையும் வெப்பம். திருவிழாவுக்குப் புங்கமரத்தில் கட்டுகிற புனல் இந்தக் கணக்கில் எவ்வளவோ நாணயமானது.)

வாக்கருக்குத் தன் ஸ்பீக்கரில் ஒரு குறை தெரிந்தது. படலம் பெரிதாக, தட்டையாக இருந்ததால் உயர்ந்த சுருதிகள் அகலப் பரவாமல் கற்றையாகப் போயின. நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு பாட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்தவருக்கு வேறு பாட்டு. இதைத் தீர்க்க அவர் 1963இல் உட்கார்ந்தார். வழி எளிமையாகவே தோன்றியது. குளத்தில் கல் விழுந்தால் வட்டம் எப்படி விரிகிறதோ, அப்படியே படலத்தின் நடுவில் முதலில் ஒலி எழ வேண்டும். சுற்றி இருக்கிற வளையங்களுக்கு ஒவ்வொன்றாக, மிகச் சிறிய தாமதத்தோடு சமிக்ஞை போக வேண்டும். அப்போது கேட்பவர் காதுக்கு, படலத்துக்குப் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியிலிருந்து ஒலி விரிவது போல இருக்கும்.

கல் 1963இல் விழுந்தது. வட்டம் கரைக்கு வந்து சேர்ந்தது 1981இல்.

பதினெட்டு ஆண்டு. பீட்டில்ஸ் முதல் ஆல்பம் போட்ட வருடம் தொடங்கி, அவர்கள் உலகை ஆண்டு, சண்டை போட்டுப் பிரிந்து பத்து வருடம் கழியும்வரை. கேசட் என்ற பொருளை பிலிப்ஸ் கம்பெனி பெர்லினில் முதன்முதலில் காட்டியதும் 1963இல்தான். ஸ்பீக்கர் கடைக்கு வந்தபோது அடுத்த வருடமே குறுந்தகடு வரக் காத்திருந்தது. நடுவில் மனிதன் நிலாவுக்குப் போய் வந்தான். நிலாவுக்குப் போவது என்று கென்னடி அறிவித்ததற்கும் போய் இறங்கியதற்கும் இடையில் எட்டு வருடம்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலைக்குள் இந்தப் பெட்டிக்கு 'ஃபிரெட்' என்று ஒரு பெயர். முழுவீச்சு நிலைமின் இரட்டை (டப்ளெட்) என்ற அதன் தொழில்நுட்பப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் அப்படி வரும். நமக்கு இதில் வேறு ஒரு நயம் தெரிகிறது. ஃபிரெட் என்பது இங்கிலாந்தில் ஆள் பெயர். நம்மூரில் வராத மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போல, 'ஃபிரெட் எப்படி இருக்கிறான்?' என்று பொதுவிடத்தில் கேட்டுக்கொள்ளலாம். காத்திருக்கப்படும் பொருள் ஆளாக மாறுகிற இந்த நிலை ஆய்வுக்குரியது.

கடைசியில் ஃபிரெட்டுக்குக் கடையில் வைத்த பெயர் ஈ.எஸ்.எல்.-63. அது வந்த வருடத்தின் பெயர் அன்று, வேலையைத் தொடங்கிய வருடத்தின் பெயர். பிறந்த நாளைக் கொண்டாடாமல் பெண் பார்த்த நாளைக் கொண்டாடும் நேர்மை எத்தனை கம்பெனிகளுக்கு உண்டு? பெட்டி வந்ததும் ஏமாற்றவில்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் செவ்வியல் இசைப் பதிவாளர்களே அதைக் கொண்டுபோய்த் தங்கள் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்த்தார்கள். ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. 1963இல் முப்பத்தைந்து வயதில் காத்திருக்கத் தொடங்கிய ஒலிப்பித்தருக்கு 1981இல் ஐம்பத்து மூன்று. மனிதக் காது இளமையில் 20,000 ஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்பது பாடப்புத்தகம். ஐம்பது தாண்டினால் மேல்வீச்சு கழன்றுகொண்டே போகும் என்பதும் அதே புத்தகம். அகலப் பரவட்டும் என்று பதினெட்டு வருடம் பாடுபட்டுத் திருத்திய அதே உயர்சுருதிகளின் உச்சி, காத்திருந்தவரின் காதிலிருந்து அதே பதினெட்டு வருடத்தில் தானாகவே விடைபெற்றிருக்கும்.

இந்த முரண் இன்றுவரை தீரவில்லை, வளர்ந்திருக்கிறது. பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் கம்பெனி 2005இல் தன் உயர்ரகப் பெட்டிகளில் செயற்கை வைரத்தால் ஆன டிவீட்டர் குமிழ்களைப் பொருத்தத் தொடங்கியது. வைரம் கெட்டி; அதனால் குமிழ் நெளிந்து குளறத் தொடங்குவது 70,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் என்பது அதன் பெருமை. கேட்கும் வீச்சுக்குள் நடத்தை செம்மையாக இருக்கும் என்பதால் இதில் பொறியியல் நியாயம் உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுக்க வசதி வரும் வயதையும், அந்த வயதின் காதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் பெட்டியின் முழுத்திறனையும் அனுபவிக்கும் தகுதி உள்ள ஒரே உயிர் பரணில் தொங்கும் வௌவால்தான் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

காத்திருத்தலுக்கு நம்மிடம் ஒரு திணை இருக்கிறது. முல்லை; உரிப்பொருள் இருத்தல். கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லித் தலைவன் போவான். மேகம் வரும், அவன் வர மாட்டான். இது கார்மேகமே இல்லை என்று தலைவி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வாள். ஒலியுலகின் கார்காலம் மே மாதம். 2004 முதல் பல ஆண்டுகள் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 'ஹை எண்ட்' என்ற பெயரிலேயே ஒரு கண்காட்சி பெரும்பாலும் மே மாதத்தில் நடந்தது. புதுப்பெட்டி அங்கே வந்துவிடும் என்பார்கள். வரும், கயிற்றுக்கு அந்தப்பக்கம், ஒயர் மாட்டாமல், விளக்கு வெளிச்சத்தில் சும்மா நிற்கும். ஒலிப்பித்தர் அதன் முன்னால் நின்று, மேடை அகலமாக இருப்பதாகவும் நடுக்குரலில் ஈரம் இருப்பதாகவும் நண்பரிடம் சொல்வார். பாடாத பெட்டியின் ஒலியை வருணிக்கும் இந்தத் திறன் அகப்பாடல் மரபு இல்லாத ஐரோப்பாவில் எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்குரியது. தோழியின் இடத்தில் டீலர் இருக்கிறார். தலைவனிடமிருந்து தூது கொண்டுவருவதும் அவரே. 'இன்னும் இரண்டு மாசம் சார்' என்று ஆற்றுவிப்பதும் அவரே. மற்ற நான்கு திணைகளில், பெட்டி வந்தபின் வீட்டில் நிகழ்வது மருதம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வோம்.

வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மனைவி ஒப்புவாரா என்ற கணக்குக்கு இந்தத் துறையில் சுருக்கப்பெயரே உண்டு. 1983இல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க இதழில் லாரி கிரீன்ஹில் எழுதியபோதே அது அச்சேறிவிட்டது. நம் பக்கத்தில் இதைக் கையாள மூன்று விதமான விலைகள் புழங்குகின்றன. கம்பெனி சொல்வது பட்டியல் விலை. ஒலிப்பித்தர் தனக்குத்தானே 'இதற்கு மேல் போகாது' என்று வகுத்துக்கொள்வது மனவிலை. வீட்டில் சொல்வது வாய்விலை. பட்டியல் விலையில் ஒரு சுழியத்தை நீக்கினால் கிடைக்கும். இலக்கணத்தில் கெட்ட ஈறு விலைப்பட்டியலில் ஒட்டிக்கொண்டது என்று முன்னே சொன்னோம் அல்லவா, அது இங்கேதான் மறுபடி கெடுகிறது.

"ஏங்க, இது பாடுமா, இல்ல நிக்க மட்டும் செய்யுமா?" என்று கேட்டால், "பழசுக்கு மாத்து, எக்ஸ்சேஞ்ச்ல வருது" என்பது விடை. பழசு எங்கே என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை எந்த நூலிலும் இல்லை.

இதுவரை சொன்னவை பின்னணி. கட்டுரையின் நடுக்கோட்பாடு இனிமேல்தான்: விலை என்பது ஸ்பீக்கரின் வெளியில் ஒட்டிய சீட்டு அன்று, அதிர்வெண், அழுத்தம் போல அதுவும் ஓர் ஒலிப்பண்பு.

சான்று இருக்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் ஒலிபெருக்கிகளை அளந்துவிட்டு ஹார்மன் கம்பெனிக்குப் போன ஃபிலாய்டு டூலும், அவரோடு ஷான் ஆலிவும் 1994இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் நாற்பது பேர், கம்பெனி ஊழியர்கள். ஸ்பீக்கர்கள் நான்கு. முதலில் ஒலி ஊடுருவும் திரைக்குப் பின்னால் வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு திரையை எடுத்துவிட்டு, அதே பெட்டிகளுக்கு மறுபடியும் போடச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் கௌரவமாகத் தேறியிருந்த ஒரு சின்ன, மலிவான செட்டின் மதிப்பெண், முகத்தைப் பார்த்ததும் சரிந்தது. பெரிய, அழகான பெட்டிகள் ஏறின. இன்னொரு வேடிக்கை. பெட்டியை அறைக்குள் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையாகவே மாறும். கண் மறைந்திருந்தபோது அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தவர்கள், கண் திறந்ததும் அதைக் கவனிக்காமல் விட்டார்கள்.

கண் காதை ஏமாற்றுகிறது என்று அறிவியலாளர்கள் இதற்குப் பொருள் சொன்னார்கள். ஒலிப்பித்தர் தரப்பு இதே தரவை வேறு விதமாக வாசிக்கும். திரை போட்டால் நல்ல பெட்டியின் மதிப்பெண் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது, எனவே திரை ஒலியைக் கெடுக்கிறது. இந்த வாதத்தில் தருக்கப்பிழை உண்டு. அதைச் சுட்டிக்காட்டி ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை.

நாக்கிலும் இதேதான் நடக்கிறது. 2008இல் ஹில்கே பிளாஸ்மனும் கூட்டாளிகளும், ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, 90 டாலருக்கு நாக்கு மட்டுமல்ல, இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப்பகுதியே கூடுதலாக ஒளிர்ந்தது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை, மெய்யாகவே ரசித்தார்கள். ஏழு லட்சம் கத்துகிறது, பன்னிரண்டு பாடுகிறது என்றவரைக் கேலி செய்ய வாய்ப்பில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்குப் பன்னிரண்டு பாடத்தான் செய்கிறது.

எதிர்பார்ப்பின் வலிமைக்கு இன்னும் பழைய சான்று எடிசனிடம் கிடைக்கிறது. 1915 தொடங்கிப் பத்தாண்டுகள் அவருடைய கம்பெனி அமெரிக்க நகரங்களில் 'குரல் சோதனை' நிகழ்ச்சிகளை நடத்தியது. மேடையில் பாடகி பாடுவார், பக்கத்தில் கிராமஃபோனும் பாடும், விளக்கணையும், இப்போது பாடுவது யார் என்று கூட்டம் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று கூட்டம் திகைத்தது. மின்சாரமே இல்லாத, புனல் வைத்த கருவி அது. இன்று அந்தத் தட்டுகளைக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கும். பாடகிகள் தங்கள் குரலைத் தணித்துக் கருவியைப் போலவே பாடினார்கள் என்பது பின்னால் வெளிவந்த இரகசியம். ஸ்பீக்கர் உலகில் மனிதர்களையே கருவிக்கு ஏற்றபடி திருத்துகிற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

விலை ஓர் ஒலிப்பண்பு என்றால், விலை அறிவிக்கப்படாத காலத்தில் பெட்டி எப்படிப் பாடும்? எந்த விலையிலும் பாடும் என்பதே விடை. மனவிலைக்குள் அடங்கும்போது அது அருகில் வந்து பாடுகிறது. மீறும் என்று தோன்றும்போது எட்டாத உயரத்தில் நின்று இன்னும் இனிமையாகப் பாடுகிறது. அறிவிப்பு வந்ததும் இந்த இரட்டைநிலை உடைந்துவிடும். அந்த நொடியின் சோகத்துக்கு ஜப்பான் ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. அங்கே உயர்ரகப் பெட்டிகளுக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை போடும் வழக்கம் உண்டு. யமஹா 2015இல் மாதிரியாகக் காட்டி, மறு ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த என்.எஸ்.-5000இன் விலை 7,50,000 யென். பரவாயில்லையே என்று மூச்சுவிட்டவர், 'ஒன்றுக்கு' என்ற சிறு எழுத்தைப் படிக்கும்வரைதான் மகிழ்ச்சி. ஒற்றைச் செருப்பை விலை கேட்ட கதை.

உச்சியில் இந்த நாடகம் வேறு தினுசு. அமெரிக்காவில் டேவிட் வில்சன் 1980களின் தொடக்கத்தில் 'வாம்' என்ற பெயரில் ஓர் ஆளுயரக் கோபுரத்தைச் செய்து பெயர் வாங்கினார். வாழ்க்கையின் கடைசியில் அதையே மறுபடி தொடக்கத்திலிருந்து செய்ய உட்கார்ந்தார். 'வாம் மாஸ்டர் குரோனோசோனிக்' 2016இல் அறிவிக்கப்பட்டபோது ஜோடி 6,85,000 டாலர்; அன்றைய மாற்றுக்கு ஏறத்தாழ நாலரைக் கோடி ரூபாய். எழுபது ஜோடி மட்டுமே செய்வோம் என்றார்கள். கோபுரத்திலுள்ள ஒவ்வொரு கூட்டையும் நுண்ணிய அளவில் முன்பின் நகர்த்தி, எல்லா ஒலியும் கேட்பவர் காதுக்கு ஒரே கணத்தில் போய்ச் சேரும்படி வைக்கலாம் என்பது அதன் தத்துவம். ஒலி மைக்ரோவினாடி பிசகாமல் வர வேண்டும். பெட்டி மாதக்கணக்கில் பிசகி வரலாம். வில்சன் 2018இல் காலமானார். எழுபதில் ஒன்றை வாங்க எழுபத்தோராவது ஆளாக யாரேனும் நின்றிருந்தால், அவருடைய முல்லை அன்றே பாலையாகியிருக்கும்.

பெட்டி வந்துவிட்டால் காத்திருத்தல் முடிந்தது என்று எண்ணுவது துறைக்குப் புதியவர் செய்யும் பிழை. அடுத்து 'பழக்குதல்' இருக்கிறது. புதுச்செருப்பு போல ஸ்பீக்கரும் பழக வேண்டும். நூறு மணி நேரம் என்பர் ஒரு சாரார், ஐந்நூறு என்பர் மற்றொரு சாரார். கூம்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் தளர்வது அளவீட்டிலேயே தெரியும், அது உண்மை. அதற்கு மேல் பழகுவது பெரும்பாலும் காது. ஐந்நூறு மணி நேரம் ஒன்றைக் கேட்டால் மாமியார் குரலே பழகிவிடும்.

அறையைப் பற்றி ஒரு பத்தியாவது சொல்ல வேண்டும். அதற்கு மேல் சொன்னால் ஒலிப்பித்தர் படிக்க மாட்டார். ஹார்வர்டில் 1895இல் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் சில வினாடி எதிரொலித்துக் குழம்பியது. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை நடுராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி அடங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். தான் உடுத்தியிருந்த துணிகூட ஒலியை உறிஞ்சுவது தெரியவந்ததும், எழுதிவைத்த அளவுகளை ஒதுக்கிவிட்டு, அதன்பிறகு ஒரே உடுப்பில் அளக்கத் தொடங்கினார். கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. நாலு மெத்தை, ஒரு ஜமுக்காளம், ஒரு புத்தக அலமாரி இவை ஒரு வீட்டின் ஒலியை எவ்வளவோ திருத்திவிடும். செலவு சில ஆயிரம். ஆனால் மெத்தைக்கு யாரும் இருட்டில் விளிம்புப் படம் போடுவதில்லை.

கடைசியாக, களத்திலிருந்து ஒரு கணக்கு. கலிஃபோர்னியாவின் மேஜிகோ கம்பெனி 2020இல் அறிவித்த எம்-9 என்ற பெட்டி ஜோடி 7,50,000 டாலர்; அப்போதைய மாற்றில் ஐந்தரைக் கோடி ரூபாய்ப் பக்கம், சுங்கம் தனி. உயரம் சுமார் இரண்டு மீட்டர். ஒரு பெட்டியின் எடை 1,000 பவுண்டு, அதாவது 454 கிலோ. நம்மூர் அடுக்குமாடியில் ஆறு பேர் ஏறும் லிஃப்டின் தகட்டில் 408 கிலோ என்று எழுதியிருக்கும். ஆகவே அதில் ஏறாது. எட்டுப் பேர் லிஃப்டு என்றால் 544 கிலோ. பெட்டி போக மிச்சம் 90. பெட்டியோடு, அது சாயாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் போகலாம். அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பு போவது உத்தமம். ஜோடி என்பதால் இரண்டு நடை. சுருதிகளைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டிக்கு வெளியே தனியாக வரும். அது மூன்றாம் நடை. வாங்கியவர் படியேறி வர வேண்டியதுதான்.